லோஷனா, பாமா?

கேள்வி: மார்கழி வந்தால் முழங்காலுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடுகிறது. நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது. காலையில் பூசும் லோஷன் 10 மணிக்குள் இருந்த இடம் தெரிவதில்லை. தங்கை பாம் பூசச் சொன்னாள். பூசினால் புடவை காலோடு ஒட்டுகிறது. எதைத்தான் வாங்குவது?
- வாசகி, குன்னூர்

பதில்: லோஷன் பாட்டிலைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். முதல் பெயரே 'அக்வா' என்றிருக்கும். வேறொன்றுமில்லை, தண்ணீர்தான். அது ஆவியான பிறகு மிஞ்சுகிற கொஞ்சம் எண்ணெய்ப்பசையும் கிளிசரினும்தான் வேலை செய்ய வேண்டும். சென்னைப் புழுக்கத்துக்கு அது போதும். உங்கள் ஊர்ப் பனிக்காற்றுக்குக் காணாது. பாமில் பெரும்பாலும் தண்ணீரே கிடையாது, மெழுகும் எண்ணெயும்தான். தோலில் இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, அவ்வளவுதான். காய்ந்த காலில் பூசினால் காலிப் பானைக்கு மூடி போட்ட கதை. நீங்கள் அப்படித்தான் பூசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். குளித்ததும் துண்டால் அழுந்தத் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் லோஷன். வெந்நீரின் சூட்டையும் கொஞ்சம் குறையுங்கள். (குன்னூர்க்காரரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவீர்கள், தெரியும்.) பாம் ராத்திரிக்கு. காலை நனைத்து ஒற்றிவிட்டு, பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்து இளக்கிப் பூசுங்கள். விலை கூடியதெல்லாம் வேண்டாம். வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும். முகத்தில் பரு வருகிறவர் என்றால் அங்கே மட்டும் லோஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடையில் வெறுமனே 'பாம்' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் பாம் என்றால் தலைவலிக்குத்தான். நான் மருந்துக்கடை வைத்திருந்தபோது, பித்தவெடிப்புக்கென்று சொல்லாமல் பாம் கேட்ட ஒருவருக்குக் கடைப் பையன் தலைவலி பாமை எடுத்துக் கொடுத்துவிட்டான். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே செருப்பில்லாமல் வாசலில் நின்றார். மென்தாலும் கற்பூரமும் வெடிப்புக்குள் இறங்கினால் எரியாதா? கழுவச் சொல்லி, ஜெல்லி கொடுத்து, காசு வாங்காமல் அனுப்பினேன்.

தோல் வெடித்து ரத்தம் கசிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, மலையில் இருப்பதால் சொல்கிறேன். ஜெல்லி ஊறிய சாக்ஸும் போர்வையும் சட்டென்று தீப்பிடிக்கும். துவைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுதாகப் போகாது. பூசிய காலோடு கணப்புப் பக்கம் உட்காராதீர்கள்.