கல்யாண கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்த எந்த கேப்சர் கார்டு?

கேள்வி: அண்ணா, அப்பா அம்மா கல்யாண கேசட், என் காதுகுத்து கேசட் எல்லாம் விஎச்எஸ்-ல கிடக்கு. மாமா வீட்ல பழைய விசிஆர் இன்னும் ஓடுது. ஆன்லைன்ல தேடினா விசிஆர்ல ஓடுற படத்த கம்ப்யூட்டர்ல பதியிற கேப்சர் கார்டு சில நூறு ரூபாய்லயும் இருக்கு, பல ஆயிரத்துலயும் இருக்கு, ஒரே குழப்பம். ஒண்ணுல 4கே-னு போட்டிருக்கான், அதையே வாங்கிடவா?

பதில்: வேணாம் தம்பி. அந்த 4கே டப்பா எச்டிஎம்ஐ கேப்சர். மாமாவோட விசிஆர திருப்பி பின்னாடி பாருங்க, மஞ்சள், வெள்ளை, சிலதுல சிவப்புனு ஏவி பின் மட்டும்தான் இருக்கும், எச்டிஎம்ஐ எங்க இருக்கு? நடுவுல ஏவி டூ எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் போட்டுக்கலாம்னு கடைல சொல்லுவாங்க, படம் வரும்தான், ஆனா 4:3 படத்த அகலத் திரைக்கு இழுத்துவிட்டு மாப்ள பொண்ணு ரெண்டு பேரும் ஒரு சுத்து பெருத்துத் தெரிவாங்க.

நம்ம ஊர் கேசட் எல்லாம் PAL-ங்கிற (பால்னு சொல்லுவாங்க) வீடியோ சிஸ்டம், கண்ணுக்குத் தெரியிற வரி 576, செகண்டுக்கு 25 ஃபிரேம். அதனால 720க்கு 576-ல நேரா ஏவி வாங்குற யூஎஸ்பி கேப்சர் போதும், அதுக்கு மேல காசு குடுத்தாலும் கேசட்ல இல்லாதது வராது. ஈஸிகேப்னு விக்கிற குச்சிலதான் ஒரு வில்லங்கம், வெளிய பாக்க எல்லாம் ஒண்ணுபோல இருக்கும், உள்ள சிப் வேற வேற, ஒருத்தருக்கு வேலை செஞ்ச டிரைவர் உங்களுக்கு வேலை செய்யாது, டிரைவர சிடில போட்டு வேற தருவான், இப்ப யார் கம்ப்யூட்டர்ல சிடி டிரைவ் இருக்கு? விண்டோஸ் 11-ல ஓடுதுன்னு வாங்கினவங்க எழுதியிருக்காங்களா பாருங்க, ரிட்டர்ன் இருக்கிற இடத்துல வாங்குங்க. ஹாப்பாஜ் கம்பெனியோட யூஎஸ்பி லைவ்-2 கேப்சர் கிடைச்சா கண்ண மூடிட்டு வாங்கலாம். மாட்டினதும் படம் கருப்பு வெள்ளையா உருண்டுச்சுன்னா உடனே ரிட்டர்ன் போட்றாதீங்க, சாஃப்ட்வேர் என்டிஎஸ்சி-ங்கிற அமெரிக்கா சிஸ்டத்துல நிக்கும், PAL-க்கு மாத்துங்க.

என்னைக் கேட்டா கார்டுல மிச்சம் பிடிச்சு அந்தக் காச விசிஆர் சர்வீஸுக்குப் போடுங்க. கடைசி வரைக்கும் விசிஆர் செஞ்சுட்டு இருந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க, இப்ப இருக்கிறது போனா வேற தேடணும். விசிஆர் உள்ள டேப்ப படிக்கிற ஹெட் அழுக்கா இருந்தா எந்த கார்டு போட்டாலும் கோடு கோடாத்தான் வரும். படம் ஆடி ஆடி வந்தா கேப்சர்ல ஃபிரேம் விட்டுப்போகும், அப்புறம் நாதஸ்வரம் ஒரு பக்கம் தாலி கட்டுறது ஒரு பக்கம்னு ஆயிடும். முக்கியமா, கேசட்ட போடுறதுக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி வழியா டேப்ப பாருங்க, வெள்ளையா பூஞ்சை இருந்தா விசிஆர்ல போடவே கூடாது, ஹெட்டும் போகும், அடுத்து போடுற கேசட்டுக்கும் ஒட்டும். அத சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுத்துடுங்க.

நேரமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒதுக்கி வைங்க. 180 நிமிஷ கேசட்னா 3 மணி நேரம் ஓடித்தான் ஆகணும், குறுக்கு வழி கிடையாது. கம்ப்ரெஸ் பண்ணாம எடுத்தா மணிக்கு 75 ஜிபி கிட்ட போகும், எம்பெக்-2னு கம்ப்ரெஸ் பண்ற முறைல 8 எம்பிபிஎஸ் வச்சா மணிக்கு 3.6 ஜிபிதான், வீட்டுக்கு அது தாராளம்.

கேள்வி: அப்ப அந்த 4கே டப்பா எதுக்குத்தான் ஆகும்? பிஎஸ்4-ல கேம் ரெக்கார்ட் பண்ணவாவது வாங்கலாமா?

பதில்: அந்த 4கே-ங்கிறது டப்பா படத்த உள்ள வாங்கிக்கிறதுக்கு மட்டும், கம்ப்யூட்டருக்கு 4கே-யா அனுப்பாது. விலை கம்மியான முக்கால்வாசி யூஎஸ்பி 2.0, அது 480 எம்பிபிஎஸ் தாண்டாது, 1080பி 60 ஃபிரேம கம்ப்ரெஸ் பண்ணாம அனுப்ப 2 ஜிபிபிஎஸ் வேணும். அதனால நசுக்கி நசுக்கி 30 ஃபிரேம்தான் ஒழுங்கா தரும். கேமராவ மாட்டி ஆன்லைன் கிளாஸ் எடுக்க ஓகே, கேமுக்கு யூஎஸ்பி 3.0 பாத்து வாங்குங்க. பிஎஸ்4 செட்டிங்ஸ்ல எச்டிசிபி-ய, அதாவது காப்பி எடுக்கவிடாத பூட்ட, ஆஃப் பண்ணலன்னா கருப்புத் திரைதான் வரும், கார்டு போச்சுன்னு நினைச்சு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க.