பதில்: பயிற்சிக்கு வந்து மொழிபெயர்ப்பு மட்டும்தான் செய்கிறேன், விட்டுவிடவா?

தங்கச்சி, விட்டுவிட வேண்டாம். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வந்து, விளம்பர நிறுவனத்தில் ஒரு மாதமாகச் சிங்கள வரிகளைத் தமிழாக்குவது மட்டும்தான் வேலை என்கிறீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாள் முழுக்க ஷாம்பு பாக்கெட் வாசகம்!

ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தமிழ் கொடுங்கள். ஒன்று நேர் மொழிபெயர்ப்பு, மற்றது தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா சொல்வது போல. பிரெட், டீ என்று இல்லாமல் பாண், தேத்தண்ணி என்று எழுதினால்தான் நம் ஆட்களுக்கு அது நம்முடைய விளம்பரம். ஏன் அந்தச் சொல் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். கம்பஸில் (பல்கலைக்கழகத்தில்) கொடுக்கும் பயிற்சி அறிக்கைக்கு அதுவே சரக்கு.

அப்புறம், அச்சுக்குப் போகும் முன் ஆர்ட்வேர்க்கை, அதாவது டிசைனர் முடித்த வடிவமைப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் வைத்த பாமினி எழுத்துருவில் அடித்ததை வேறு வகை எழுத்துருவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். சில மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். தமிழ் தெரியாத டிசைனருக்கு இது கண்ணில் படாது. இரண்டு தடவை பிடித்துக் கொடுத்தால், மூன்றாம் தடவை கூட்டத்துக்கே கூப்பிடுவார்கள். என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வெளிவராத வேலையை மட்டும் அனுமதி கேட்காமல் முகநூலில் போட்டுவிடாதீர்கள்.