மகன் சிங்கப்பூரில், கையெழுத்து யார் போடுவது?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். 79 வயது அப்பத்தா வளவில் வழுக்கி விழுந்து நினைவு தப்பிவிட்டார்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு, உடனே ஆபரேஷன் என்றார்கள். பெரியப்பா சிங்கப்பூரில், போனில் கிடைக்கவில்லை. 'மகன் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டோம்' என்று ஒன்றரை மணி நேரம் காக்கவைத்தார்கள். பேரன் நான் போட்டால் செல்லாதா? அப்பத்தா பிழைத்துவிட்டார்கள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

பதில்: ஆறாததில் நியாயம் இருக்கிறது. நீங்கள் போட்டிருந்தாலே போதும். யாருமே போடாவிட்டாலும் டாக்டர் கத்தியை எடுத்திருக்கலாம்.

இதற்கான சட்டம் 1860-லிருந்தே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92-ஆவது பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 30. அதிலேயே ஓர் உதாரணம் உண்டு: ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து நினைவிழக்கிறார், மண்டையோட்டைத் துளைத்தால்தான் பிழைப்பார், அவருக்கு நினைவு திரும்பும்முன் மருத்துவர் நல்லெண்ணத்தோடு துளைக்கிறார், அது குற்றமில்லை. உங்கள் அப்பத்தா விழுந்தது வீட்டுத் தரையின் ஆத்தங்குடிக் கல்லில், அவ்வளவுதான் வித்தியாசம். சம்மதம் தரக்கூடிய பொறுப்பாளர் இருந்தால் அவரிடம் கேட்கச் சொல்கிறது சட்டம். உரிய நேரத்துக்குள் அவர் கிடைக்காவிட்டால் காத்திருக்கச் சொல்லவில்லை. உயிரைக் காப்பது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவர்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

பிறகு ஏன் மகனைக் கேட்கிறார்கள்? பயம். அன்று ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு பேரன் நிற்பான். ஏதாவது ஆகிவிட்டால் மறுநாள் நாலு காரில் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். கொள்ளி வைக்கிறவர்தான் கையெழுத்தும் போடவேண்டும் என்று ஒரு நினைப்பு வேறு நம் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது.

ஆனால் இந்த விலக்கு உயிர் போகும் அவசரத்துக்கு மட்டும்தான். 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். அவர் கண் விழிக்கும்வரை பொறுத்திருக்கலாமே, தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இதுதான் நிலை.

அதனால் நோயாளி தெளிவாக இருந்தால் கேட்கவேண்டியது அவரைத்தான். இடுப்பெலும்பு முறிந்த ஒரு ஆச்சியை நான் பார்த்தபோது, வராந்தாவில் ஐந்து ஆண்கள் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய் ஆச்சியிடம் விவரம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எந்திருச்சு நடப்பேனா?" நடக்க வாய்ப்பு அதிகம் என்றேன். பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதையும் நான் ஏற்றிருக்கத்தான் வேண்டும்; மனசு கேட்காதுதான்.

இனி இப்படி நேர்ந்தால் டூட்டி டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். "இது தாமதிக்க முடியாத உயிராபத்தா? அப்படியானால் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு மருத்துவர்கள் நேரம் குறித்துக் கையெழுத்திட்டு ஆரம்பிப்பது பல ஆஸ்பத்திரிகளில் உள்ள வழக்கம்தான். பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்ததையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

அப்பத்தா தேறியதும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: தனக்கு எது வேண்டும், எது வேண்டாம், தன்னால் பேச முடியாதபோது யாரைக் கேட்கவேண்டும். சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதுங்கள்; ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பது மண்டை அடிபட்டால் டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி. அந்தத் தாளை இரும்புப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் காட்டிவையுங்கள்.