மொபைலில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இன்னும் ஏன் இசைத்தட்டு வாங்குகிறார்கள்? தாத்தா வீட்டு ரெக்கார்டுகளைக் கேட்க என்ன வேண்டும்?

இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டது நல்லதாயிற்று. முதல் கேள்விக்கான விடை இரண்டாவதில்தான் இருக்கிறது.

"ஒலி நன்றாக இருக்கும்" என்பது வழக்கமாக வரும் பதில். அளந்து பார்த்தால் அது நிற்காது. சாதாரண சிடியில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபெல் இடம் உண்டு. தட்டு 70ஐத் தொட்டாலே பெரிய விஷயம். அப்படியிருந்தும் 2022இல் அமெரிக்காவில் வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த இந்தத் தட்டுகள் எண்ணிக்கையில் சிடியை முந்தின, 1987க்குப் பிறகு முதன்முறையாக. இழுப்பது வேறொன்று. ஆப்பில் உங்கள் கைக்கு வேலையே கிடையாது. தட்டில் நீங்கள் கேட்பதில் பாதி உங்கள் கைப்பக்குவம். நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: எழுபதுகளின் இ.பி. தட்டுகள் (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறிய தட்டுகள்), திரைப்பட வசனத் தட்டுகள், நாடகத் தட்டுகள் எனப் பல எந்த ஆப்பிலும் ஏறவே இல்லை. அந்தத் தட்டுதான் அசல்.

ஒரு எல்.பி.யின் (நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டின்) ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளம் என்று கேட்டால் பலர் நூற்றுக்கணக்கில் சொல்வார்கள். ஒன்றே ஒன்றுதான், சுருளாக உள்ளே போகிறது. 20 நிமிடப் பக்கத்தில் 660 சுற்றுக்கு மேல். நீட்டிப் பிடித்தால் 400 மீட்டரைத் தாண்டும். ஸ்டீரியோ தட்டில் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது ஒலி. அந்த இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டு போவது ஒரு வைரமுள். அதன் முனையின் ஆரம் ஏறத்தாழ 15 முதல் 18 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தட்டு சம்பந்தமான எல்லாத் தொல்லையும் இந்த முனையில்தான் தொடங்குகிறது.

ஆகவே சூட்கேஸ் மாதிரி மடக்கும் மலிவு பிளேயரை வாங்காதீர்கள். பார்க்க அழகு, அவ்வளவுதான். கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், முள்ளின் அழுத்தம் 5 கிராமுக்கும் மேல் போகும், எடையைக் குறைக்க வழியும் இருக்காது. பின்பக்கம் எதிர் எடை உள்ள, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை (டோன்ஆர்ம்), காந்தம் அசைந்து மின்சாரம் தரும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ், இந்த இரண்டும் இருக்கிற டர்ன்டேபிளாகப் பாருங்கள்.

முள்ளின் அழுத்தத்துக்கு எடை வைப்பது பத்து நிமிட வேலை. ஆன்டி ஸ்கேட்டிங்கை (கை உள்பக்கம் இழுபடுவதை ஈடுசெய்யும் திருகை) 0இல் வையுங்கள். முள்ளின் உறையைக் கழற்றி, டோன்ஆர்மைத் தட்டுக்கு வெளியே விட்டு, பின் எடையைத் திருகிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் கை தராசுக் கோல்போல அந்தரத்தில் மட்டமாக நிற்கும். எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் போட்ட வளையத்தை மட்டும் 0க்குத் திருப்புங்கள். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்ப, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். பரவலாகக் கிடைக்கும் ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். ஆன்டி ஸ்கேட்டிங்கும் அதே எண். வளையத்தின் கணக்கை முழுதாக நம்ப வேண்டாம். இதற்கென்றே வரும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

"லேசாக வைத்தால் தட்டு தேயாது" என்று 1 கிராமில் வைப்பவர்கள் உண்டு. நடப்பது தலைகீழ். குரல் ஓங்கும் இடத்தில் முள் பள்ளத்தை விட்டுத் துள்ளி, திரும்பச் சுவரில் மோதுகிறது. அந்த அடி தட்டில் நிரந்தரம்.

பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் "ஸ்", "ச" எல்லாம் எச்சில் தெறிப்பதுபோல் கேட்கிறதா? வெளி விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது; லேபிளுக்கு அருகே 21 செ.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் சற்றே கோணலாக இருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்ப்பதற்கான அளவுத் தாளைத் தட்டு வைக்கும் இடத்தில் வைத்து, அதிலுள்ள இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்கும்வரை இரண்டு திருகாணியையும் தளர்த்தி நகர்த்த வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாதவர்கள்தான் "வினைல் என்றாலே கரகரப்பு" என்கிறார்கள்.

சத்தமே ஈனமாக, தகர டப்பாவில் பாடுவதுபோல் வந்தால் கார்ட்ரிட்ஜின் சின்ன மின்சாரத்தைப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப் இல்லை என்று அர்த்தம். கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். போதாததற்கு, தட்டு வெட்டும்போதே அடி ஒலியைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், இரு முனையிலும் ஏறக்குறைய 20 டெசிபெல். இல்லாவிட்டால் தபேலாவின் ஒவ்வொரு "கும்" ஒலிக்கும் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் போய்விடும். 1954இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு அது; அதைத் திருப்பிப் போடுவது ப்ரீஆம்பின் வேலை. பல புது டர்ன்டேபிள்களில் உள்ளேயே இருக்கும், பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச். ஆம்பிளிஃபயரில் போனோ துளை இருந்தால் இங்கே போனோவில் வையுங்கள். இரண்டு ப்ரீஆம்பும் சேர்ந்தால் ஒலி பிளந்துவிடும். "உம்ம்" என்று அடியில் இரைச்சல் கேட்டால் முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய டர்ன்டேபிளில் ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட் கொடுத்துவிடலாம், ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடும் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஐந்து பங்காகிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கு இறங்கி, தூக்கக் கலக்கத்தில் பாடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி மாற்ற வேண்டும். டி.சி. மோட்டார் ஆனால் இந்தச் சிக்கல் இல்லை.

தாத்தா வீட்டுத் தட்டுகளில் கனமாக, விளிம்பு தடித்து, 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று போட்டவை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அவை வினைல் அல்ல, அரக்கு. கீழே விழுந்தால் ஓடுபோல உடையும். எல்.பி. முள்ளை அதில் வைத்தால் அகலப் பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் கிளறும். சுமார் 65 முதல் 75 மைக்ரான் முனை கொண்ட தனி முள்ளும், 78 வேகமுள்ள டர்ன்டேபிளும் வேண்டும்.

கழுவும்போது இந்தப் பிரிவினை உயிர்நாடி. வினைலுக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டரில் ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிறுத்திவைத்து உலர்த்தலாம். லேபிள் நனையக் கூடாது. அரக்குத் தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக் கூடாது. ஆசாரிகள் பிரெஞ்ச் பாலிஷுக்கு அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில். உங்கள் தட்டும் அப்படியே கரையும்.

கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஆட்களைத் திட்டுகிறோமே, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் தட்டில் பல நேரம் கீறலே இருக்காது. காய்ந்த அழுக்குக் கட்டி ஒன்று முள்ளைப் பழைய சுற்றுக்கே தள்ளிக்கொண்டிருக்கும். கழுவினால் சரியாகும். சென்னை ஈரத்தில் பிடிக்கும் வெள்ளைப் பூஞ்சையும் பெரும்பாலும் போய்விடும், ஆனால் பழைய உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு மறுபடி வரும். தட்டுகளை அடுக்காமல் புத்தகம்போல் செங்குத்தாக நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒரு மதியம் விட்டாலே அப்பளமாக நெளிந்துவிடும்.

பழைய தட்டு வாங்கப் போனால், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் அது ஆயிரம் முறை ஏறி இறங்கிய தட்டு. மேலோட்டமான கீறலைவிட நான் அஞ்சுவது பள்ளம் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருப்பதை. கனத்த முள் பல வருடம் சுவரைச் சுரண்டிய அடையாளம் அது. எத்தனை முறை கழுவினாலும் ஒலி திரும்பாது. உறை மட்டும் பிடித்திருந்தால் உறையின் விலைக்குக் கேளுங்கள்.