முப்பது வயதைத் தாண்டி குதிரையேற்றம் கற்க ஆசை. நல்ல பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நானும் வயதான பிறகு ஏறியவன்தான். பணம் கட்டும் முன் ஒரு முழு வகுப்பை வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். சிறுவர் வகுப்பு வேண்டாம், உங்களைப் போல வயது வந்த புதியவர் ஒருவர் கற்கும் வகுப்பாக இருக்கட்டும். பார்க்க விடமாட்டோம் என்றால் அந்த இடத்தை அப்போதே கழித்துவிடலாம்.

சிறுவர்கள் விழுவதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. நாம் யோசிப்போம். பயம் வந்ததும் முட்டி இறுகும், உடம்பு முன்னால் சாயும், கை லகானைப் பிடித்துத் தொங்கும். லகானின் மறுமுனை பெரும்பாலும் குதிரையின் வாயில் இருக்கும் கடிவாள இரும்பில் மாட்டியிருக்கும். வலி தாங்காமல் அது தலையை உதறும், அல்லது வேகமெடுக்கும். நமக்கு இன்னும் பயம் கூடும். இந்த இடத்தில் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்!" என்று தூரத்தில் நின்று கத்துவதால் யாருக்கும் உடம்பு தளராது. குதிரையை மெதுநடைக்குக் கொண்டுவந்து, மூச்சை விடச் சொல்லி, இறுகியிருப்பது முட்டியா தோளா என்று காட்டிக் கொடுப்பவரிடம் சேரலாம்.

முதல் சில பாடங்களை நீளக் கயிற்றில் நடத்துவாரா என்றும் கேளுங்கள். லஞ்சிங் என்பார்கள். அவர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமடிக்கும். அதைச் செலுத்துவது அவர் பாடு, சரியாக உட்காரக் கற்பதுதான் உங்கள் வேலை. வியன்னாவில் உள்ள புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியிலேயே புதிதாகச் சேர்பவர்கள் அங்கவடியும் (சேணத்தில் தொங்கும், பாதத்தை நுழைக்கும் வளையம்) லகானும் இல்லாமல் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

அப்புறம் குதிரைகளைப் பாருங்கள். சுவரில் உள்ள கோப்பைகளைவிட அவை நம்பகமான சாட்சி. சேணம் பூட்ட ஆள் வரும்போதே காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு கடிக்கப் பார்க்கும் குதிரைக்கு முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கலாம். ஒன்று அப்படி இருந்தால் அதன் குணம் என்று விட்டுவிடலாம். லாயத்தில் பாதி அப்படி என்றால் அங்கே பராமரிப்பு சரியில்லை. ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை வகுப்புக்குப் போகிறது என்று கேட்டால், நல்ல இடத்தில் தயங்காமல் சொல்வார்கள்.

உங்கள் எடையைக் கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பலரும் பின்பற்றும் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ.

பாதுகாப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஏற்றக் கூடாது. குதிகால் உள்ள காலணி கேட்க வேண்டும், தட்டையான ஷூ அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். நீங்கள் ஏறும் முன், சேணத்தைக் குதிரையோடு இறுக்கிக் கட்டும் வயிற்றுப் பட்டையை இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். சான்றிதழ் இருந்தால் நல்லது. முதலுதவிப் பயிற்சி, விபத்துக் காப்பீடு இரண்டையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் 'ஏன்' என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். சின்ன வயதிலிருந்தே சவாரி செய்த சிலருக்கு அதில் எரிச்சல் வரும், அவர்களுக்கு எல்லாமே தானாக வந்தது. நான் ஒரு சோதனைக் கேள்வி வைத்திருக்கிறேன்: வட்டத்தில் ட்ராட் (நடைக்கு அடுத்த, குலுங்கிப் போகும் மிதமான ஓட்டம்) போகும்போது குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகையில் சேணத்திலிருந்து எழும்பச் சொல்கிறீர்களே, ஏன்? அதே நேரத்தில்தான் உள்பக்கப் பின்னங்கால் முன்னே வருகிறது, நம் எடை முதுகிலிருந்து விலகினால் அது நன்றாக உள்ளே வந்து ஊன்றும் என்று விளக்கினால் சரியான ஆள். "அப்படித்தான் செய்யணும் சார்" என்றால் நான் வேறு ஆள் தேடுவேன்.

முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டுங்கள். முடிந்ததும், அடுத்த வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நீங்கள் உட்கார்ந்த விதத்தில் கவனித்த ஒன்றையாவது சொல்லி அதிலிருந்து பதில் தொடங்கினால், அவரிடமே தொடரலாம். பத்தே வகுப்பில் பாய்ச்சலில் ஓட்ட வைக்கிறேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த லாயத்தைப் பாருங்கள்.