பென் ஹோகனைப் பெரிய கோல்ஃப் வீரர் என்பது அவருடைய விபத்துக் கதைக்காகத்தானா?

ஒரு பகுதி அதற்காகத்தான். கார் விபத்தில் சாவின் விளிம்பு வரை சென்ற ஒருவர் பதினாறே மாதங்களில், கோல்ஃபின் பெரும் பட்டங்களுள் ஒன்றான அமெரிக்க ஓப்பனை வென்றார் என்ற செய்தி, கோல்ஃப் மட்டையைத் தொட்டே அறியாதவரையும் நிமிர்ந்து உட்காரவைக்கும். நானும் ஹோகனைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதனால்தான். ஆனால் படிக்கப் படிக்க, அவருடைய பெருமைக்கான வேர் விபத்துக்கு வெகுமுன்னரே, எவரும் அவரைக் கவனிக்காத ஆண்டுகளில் இருக்கிறது என்ற எண்ணமே எனக்கு வலுப்பட்டது.

ஹோகன் 1912-இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது தந்தை தற்கொலை செய்துகொண்டார். ஃபோர்ட் வொர்த் நகரில் இரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்ற சிறுவன், அதைவிடக் கூடுதலாகக் காசு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, கிளென் கார்டன் என்ற கோல்ஃப் மன்றத்தில் மற்றவர்களின் மட்டைப்பையைச் சுமக்கும் கேடியாகச் சேர்ந்தான். அதே மன்றத்தில் அதே வயதில் இன்னொரு கேடியும் இருந்தான். பின்னாளில் ஹோகனுக்குப் பெரும் போட்டியாளராக விளங்கிய பைரன் நெல்சன்தான் அது. இரண்டு மாமேதைகளை ஒரே கேடிக் கொட்டகை ஈன்றது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நெல்சனுக்கு வெற்றி விரைவில் வந்தது, ஹோகனுக்கு வரவில்லை. 1930-இல் பதினேழு வயதில் தொழில்முறை ஆட்டக்காரரான அவர், கையில் காசில்லாமல் போட்டிச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது ஒரு முறையன்று. அவருடைய நோய் ‘ஹுக்’: வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து நேராகச் செல்வதுபோலப் போய், திடீரென்று இடப்புறம் கடுமையாக வளைந்து புதருக்குள் புகுந்துவிடும். சிறிய உடலைக் கொண்டு தொலைவு அடிக்க அவர் கையாண்ட வேகமே அவருக்குப் பகையாயிற்று. போட்டி முடிந்த பின்னும் பயிற்சித் திடலில் மணிக்கணக்காக நின்று பந்தடிப்பது அக்காலத்து ஆட்டக்காரர்களிடையே அரிதாக இருந்தபோது, ஹோகன் அதையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார். தனிநபர் பிரிவில் முதல் வெற்றி 1940-இல் பைன்ஹர்ஸ்ட்டில்தான் கிடைத்தது. அதைத் தொடர்ந்து அடுத்தடுத்து மேலும் இரண்டு போட்டிகளை வென்று, அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணப் போட்டிகளில் மிக அதிகப் பரிசுப் பணம் ஈட்டியவரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிடியையும் மணிக்கட்டின் நிலையையும் மாற்றியமைத்து, பந்து மெல்ல வலப்புறம் சாய்ந்து இறங்கும் ‘ஃபேட்’ அடியைத் தம் ஆயுதமாக்கினார். 1946-இல் மட்டும் 13 வெற்றிகள், 1948-இல் பி.ஜி.ஏ. என்ற மற்றொரு பெரும் பட்டமும் அமெரிக்க ஓப்பனும்.

1949 பிப்ரவரி 2 அன்று, மனைவி வேலரியுடன் டெக்சாஸின் வான் ஹோர்ன் அருகே மூடுபனியில் சென்றுகொண்டிருந்த அவருடைய காரின் மீது, மற்றொரு வண்டியை முந்த முயன்ற பேருந்து நேருக்கு நேர் மோதியது. மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். அதனால்தான் அவரும் பிழைத்தார், ஏனெனில் ஸ்டீயரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு சென்றிருந்தது. இடுப்பெலும்பும் காறையெலும்பும் கணுக்காலும் முறிந்தன. பின்னர் இரத்தக்கட்டிகள் நுரையீரலை நோக்கி நகரவே, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையையே மருத்துவர்கள் கட்டிவிட நேர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவருடைய கால்கள் வீங்கின. கால்களில் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆடினார்.

1950 ஜூனில் மெரியன் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் மட்டும் 36 குழிகள் நடந்து ஆடி, மறுநாள் சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் லாயிட் மாங்ரமையும் ஜார்ஜ் ஃபாசியோவையும் வென்றார். பிளேஆஃபுக்கு முந்தைய நாள் கடைசிச் சுற்றின் பதினெட்டாம் குழியில் அவர் ஒன்றாம் எண் அயர்ன் மட்டையால் அடித்து முடித்து நிற்கும் படத்தைக் கோல்ஃப் ஆர்வலர்களில் பார்க்காதவர் குறைவு. (அந்த மட்டை திருட்டுப்போய், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் கிடைத்தது என்பது தனிக் கதை.) என்றாலும் அவருடைய ஆகச் சிறந்த சுற்று எது என்று கேட்டால், நான் மெரியனைச் சொல்லமாட்டேன், 1951 அமெரிக்க ஓப்பனில் ஓக்லாண்ட் ஹில்ஸ் திடலில் ஆடிய கடைசிச் சுற்றையே சொல்வேன். குறுகிய ஃபேர்வேக்களும் (புல் வெட்டிய ஆடுதடங்கள்) புதிய மணற்குழிகளுமாக, ஆட்டக்காரர்களை வதைப்பதற்கென்றே திருத்தியமைக்கப்பட்ட அத்திடலில், போட்டி முழுவதிலும் 70 என்ற பாருக்கு (ஒரு சுற்றுக்கு எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை; குறைவாக அடிப்பவரே வெல்வார்) கீழே இறங்கிய சுற்றுகள் இரண்டே இரண்டு. அவற்றுள் ஹோகனின் 67 ஒன்று. அனுதாபம் அந்த 67-ஐ அடித்துத் தராது.

1953-இல் ஆறு போட்டிகளில் மட்டுமே ஆடி ஐந்தை வென்றார். அவற்றுள் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் ஆகிய மூன்று பெரும் பட்டங்கள் அடங்கும். முன்பின் ஆடியறியாத கடற்கரைத் திடலுக்குப் போட்டிக்கு முன்பே சென்று, அங்கு வழக்கிலிருந்த சற்றுச் சிறிய பந்துக்குப் பழகி, 73, 71, 70, 68 என்று சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனார். அதிகம் ஆட முடியாத உடலோடு எதில் ஆடவேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முழுமையாக ஆயத்தமாகும் முறைக்கு, முப்பதுகளில் தனியே நின்று கற்ற பாடமே அடிப்படை என்று கருதுகிறேன்.

பிற்கால ஆட்டக்காரர்களான ஜாக் நிக்லாஸின் 18, டைகர் உட்ஸின் 15 ஆகியவற்றோடு ஹோகனின் 9 பெரும் பட்டங்களை ஒப்பிட்டு அவரைக் கீழே வைப்போர் உண்டு. அந்தக் கணக்கில் விடுபடுவன பல. போரினால் அமெரிக்க ஓப்பன் நான்கு ஆண்டுகள் நடக்கவில்லை. ஒரே நாளில் 36 குழிகள் என்று பல நாட்கள் நீளும் நேருக்கு நேர் ஆட்டமாக இருந்த பி.ஜி.ஏ. போட்டியில், கால்கள் இடம் தராததால் விபத்துக்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேல் அவர் கலந்துகொள்ளவில்லை. பிரிட்டிஷ் ஓப்பனில் அவர் வாழ்நாளில் ஆடியது ஒரே ஒரு முறை, அதையும் வென்றார்.