ரோமானியர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரோமைப் பற்றியவை. சீசரும் நீரோவும் யாருக்கும் வேண்டாமாம், அவர்களுக்கு முன்னால் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறீர்கள். நல்லது, எனக்கும் அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

ரோமை நிறுவியதாகச் சொல்லும் ரோமுலஸ், ரெமஸ் என்ற இரட்டையர் உண்மையில் இருந்தார்களா? ஓநாய் பால் கொடுத்து வளர்த்ததாகச் சொல்கிறார்களே?

இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ரோமுலஸ் என்ற பெயரே ஊரின் பெயரிலிருந்து பின்னால் செய்துகொண்டது என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். ஓநாய்க் கதையை ரோமானியர்களே முழுசாக நம்பவில்லை. லத்தீனில் 'லூபா' என்றால் பெண் ஓநாய், கொச்சையாக விலைமகள் என்றும் பொருள். குழந்தைகளை எடுத்து வளர்த்த இடையனின் மனைவியை அப்படி அழைத்திருப்பார்கள், அதுவே ஓநாய்க் கதை ஆகிவிட்டது என்று சிலர் சொல்வதை லிவி என்ற வரலாற்றாசிரியர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் கதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரோமுலஸின் அப்பா போர்க்கடவுள் மார்ஸ் என்று ஒரு பக்கம் பெருமை பேசிவிட்டு, அதே மூச்சில் எங்கள் ஊரை நிறுவியவன் கூடப்பிறந்தவனைக் கொன்றவன், ஆள் சேர்ப்பதற்காக ஊர்விட்டு ஓடிவந்தவர்களுக்கெல்லாம் புகலிடம் கொடுத்தான், பெண்கள் இல்லாததால் பக்கத்து ஊர் சபைன் பெண்களைத் தூக்கி வந்தான் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் ஒரே ரத்தம் என்று ரோமானியர்கள் சொல்லிக்கொண்டதே இல்லை.

ரோம் நிறுவப்பட்ட ஆண்டு கி.மு. 753 என்று இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள்?

அது கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வர்ரோ என்ற அறிஞரின் கணக்கு. அவருக்கு முன்பு 814 என்றவரும் உண்டு, 729 வாக்கில் என்றவரும் உண்டு. ரோமின் முதல் வரலாற்றாசிரியர் ஃபேபியஸ் பிக்டர் எழுதியதே கி.மு. 200 வாக்கில், அதுவும் கிரேக்க மொழியில். ஐந்நூறு வருடம் கழித்து எழுதினால் தேதி எப்படி இருக்கும்? இன்னொரு சிக்கலும் இருந்தது. டிராய் போரிலிருந்து தப்பிவந்த ஐனியஸ்தான் தங்கள் மூதாதை என்று ஏற்றுக்கொண்ட பிறகு, டிராய்க்கும் ரோமுக்கும் இடையே நானூறு வருட இடைவெளி விழுந்தது. அதை அடைக்க ஆல்பா லோங்கா என்ற ஊரின் அரசர்கள் என்று ஒரு நீண்ட பட்டியலையே உருவாக்கிக்கொண்டார்கள்.

மண்ணைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. ரோமின் பலட்டைன் குன்றில் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் குடிசைகளின் கம்பம் நட்ட குழிகள் பாறையில் அப்படியே கிடைத்தன. ஆனால் அந்தக் குன்றுகளில் அதற்கும் முன்பே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பூமிபூஜை போட்டு ஒரே நாளில் தொடங்கிய ஊர் இல்லை அது.

அந்த இடத்தில் அப்படி என்ன விசேஷம்?

ஆறும் உப்பும். டைபர் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது, அதன் அருகே ஆற்றைக் கடப்பது எளிது. ஆற்றின் முகத்துவாரத்தில் உப்பு விளைந்தது, மலைநாட்டு மக்களுக்கு உப்பு வேண்டும், அவர்கள் போன வழிக்கு இன்றைக்கும் 'வியா சலாரியா', அதாவது உப்புச் சாலை என்றுதான் பெயர். ஆற்றங்கரையில் மாட்டுச்சந்தை. சுற்றிலும் குன்றுகள் இருந்ததால் வெள்ளம் வந்தாலும் வீடு தப்பும்.

குன்றுக்கு ஒரு குடியிருப்பாக ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள், நடுவில் சதுப்பு நிலம், அதன் ஓரத்தில் பிணங்களைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அந்தச் சதுப்பை வடித்து, மண் கொட்டி மேடாக்கி, எல்லோருக்கும் பொதுவான திடல் ஆக்கினார்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற 'ஃபோரம்' அதுதான். ரோம் பிறந்த நாள் எது என்று என்னைக் கேட்டால், ரோமுலஸை விட்டுவிட்டு இந்த மண் கொட்டிய வேலையைத்தான் காட்டுவேன்.

எட்ருஸ்கர்களும் ரோமானியர்களும் ஒன்றா?

இல்லை, ஆனால் ரோமுக்கு வடக்கே இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். லத்தீன் இந்தோ-ஐரோப்பிய மொழி, எட்ருஸ்கன் அந்தக் குடும்பத்திலேயே இல்லை. அதனால் அவர்கள் ஆசியா மைனரிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து வந்தவர்கள் என்று கிரேக்கரான ஹெரோடோடஸ் காலத்திலிருந்தே ஒரு பேச்சு உண்டு. 2021இல் வெளியான மரபணு ஆய்வு 82 பேரின் எச்சங்களைச் சோதித்து, அவர்கள் உள்ளூர்க்காரர்களே, லத்தீன் மக்களோடு மரபணுவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று காட்டியது. மொழி வேறு என்றால் ரத்தமும் வேறாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரோமானியர்கள் எழுத்தைக் கற்றதும் எட்ருஸ்கர் வழியாகத்தான். எட்ருஸ்கனில் 'க' (k) உண்டு, அதன் அதிர்வொலி (g) கிடையாது, அதனால் ரோமானியர்கள் வெகுகாலம் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தை வைத்து ஓட்டினார்கள். நம் 'க'வை 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் படிக்கிறோமே, அது போல. கி.மு. 3ஆம் நூற்றாண்டில்தான் அந்த 'சி' (C) எழுத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு 'ஜி' (G) எழுத்தை உண்டாக்கினார்கள்.

ஏழு அரசர்கள் ஆண்டது நிஜமா?

அரசர்கள் இருந்தது நிஜம். 1899இல் ஃபோரத்தில் தோண்டி எடுத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அரசனைக் குறிக்கும் சொல் இருக்கிறது. ஏழு பேர் என்பதுதான் இடிக்கிறது. 753 முதல் அரசாட்சி முடிந்ததாகச் சொல்லும் 509 வரை 244 வருடம், ஆளுக்குச் சராசரி 35 வருடம். பரம்பரையாக வராமல் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிலர் கொலையுண்டு செத்த வரிசைக்கு இது ரொம்பவே அதிகம். அந்த ஏழு பேரிலும் நூமா சபைன், முதலாம் டார்க்வின் எட்ருஸ்கர் ஊரிலிருந்து வந்தவர், அவர் அப்பா கிரேக்கர் என்று மரபு சொல்கிறது.

இத்தாலி முழுவதையும் இந்த ஒரு ஊர் எப்படிப் பிடித்தது? படைபலமா?

தோற்கவும் செய்தார்கள். கி.மு. 390 வாக்கில் வடக்கிலிருந்து வந்த 'கால்' (Gaul) இனத்தார் நகரையே சூறையாடினார்கள். வித்தியாசம், ஜெயித்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. கி.மு. 338இல் லத்தீன் ஊர்களை அடக்கிய பின் சில ஊர்களுக்கு முழுக் குடியுரிமை, சிலவற்றுக்கு ஓட்டில்லாத குடியுரிமை, மற்றவை கூட்டாளிகள் என்று பிரித்தார்கள். கூட்டாளிகளிடம் பெரும்பாலும் கப்பம் கேட்கவில்லை, படைவீரர்களைக் கேட்டார்கள். அப்புறம் ஒரு போரில் தோற்றால் என்ன, அடுத்த வருடம் இன்னொரு படை வரும். விடுதலையான அடிமைகள்கூடக் குடிமக்கள் ஆனார்கள். மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப் தன் ஆட்சியிலிருந்த லாரிசா ஊருக்கு எழுதிய கடிதத்தில், ரோமானியர்களைப் பாருங்கள், அடிமைகளுக்கே குடியுரிமை கொடுத்துப் பெருகுகிறார்கள் என்று இதையே எடுத்துக்காட்டுகிறான்.

செப்டம்பர் என்றால் ஏழு. ஒன்பதாம் மாதத்துக்கு ஏன் அந்தப் பெயர்?

அவர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. மார்ச்சிலிருந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

கோவைப் பக்கம் கிடைக்கும் ரோமானியக் காசுகள் இந்தக் காலத்தவையா?

இல்லவே இல்லை. அவற்றில் பெரும்பங்கு பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. பலட்டைன் குடிசைகளுக்கும் அவற்றுக்கும் இடையே எழுநூறு வருடம் இருக்கிறது. குடிசையில் இருந்தவர்களுக்கு மிளகு என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

ரோமில் இருக்கும் அந்த வெண்கல ஓநாய்ச் சிலையாவது பழையதுதானே?

அடியில் பால் குடிக்கும் இரண்டு குழந்தைகளும் 15ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. ஓநாயை எட்ருஸ்கர் வேலை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள், இப்போது அதுவும் இடைக்காலத்தில் வார்த்தது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.